பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, வீடா?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்றோ அறிவுசார் குறைபாடு என்றோ மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டில் வரும் பெரிய விவாதம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். "எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கட்டும்" என்பார் அப்பா. "அங்கே யார் இவனைப் பார்த்துக்கொள்வார்கள்?" என்பார் அம்மா. "இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கட்டும், பேச்சு தானா வந்துடும்" என்பார் தாத்தா. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. தாத்தா சொல்வதில் மட்டும் கொஞ்சம் குறைவு.

சிறப்பாசிரியராக இந்த விவாதத்தின் நடுவில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியின் பெயர், கட்டடம், வாசலில் இருக்கும் பலகை ஆகியவற்றை வைத்து எடுத்த முடிவுகள் நிலைத்து நான் பார்த்ததில்லை. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். பிள்ளை அங்கே இருக்கும் நேரத்தில், அதன் பழக்கவழக்கம் தெரிந்த ஒரு பெரியவர், அதற்குப் புரியும் வழியில், எவ்வளவு நேரம் அதனோடு வேலை செய்வார்? இந்தக் கேள்விக்கு எந்த இடத்தில் நல்ல பதில் கிடைக்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கான இடம். தமிழ்நாட்டில் இன்று இருக்கும் வழிகளை இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

அதற்கு முன் சட்டம். தேர்வு செய்யும் உரிமை யாருடையது என்பதிலேயே பல பெற்றோருக்குக் குழப்பம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் செய்தார்கள். ஆக மூன்று கதவும் திறந்தவைதான். "இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்க" என்று ஒரு தலைமை ஆசிரியர் சொன்னால், அதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளலாம். உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பக்கத்து அரசுப் பள்ளி

படித்த, வசதியுள்ள குடும்பங்கள் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கின்றன. நான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்கள் இயங்குகின்றன. சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போகிறார்கள். சக்கர நாற்காலி, காலில் மாட்டும் காலிப்பர், காதொலிக் கருவி போன்றவற்றுக்கான மருத்துவ முகாம்களும் இவர்கள் வழியாகவே நடக்கின்றன. பள்ளிக்குத் துணையோடு வர வேண்டிய பிள்ளைகளுக்குப் பயணப்படி, துணையாள் படி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், அது வேறு விஷயம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. இந்தத் திட்டம் அவர்களை நினைத்து உருவானதல்ல. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்தக் குழுவுக்கு ஏற்ற வேலை கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பு நிலையில் உட்கார்ந்து எழுத்து கற்றால் அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் கூடவே இன்னும் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். பாடம், தேர்வு, ரேங்க் என்று ஓடும் தனியார் பள்ளியில் இதே பிள்ளை முதல் மாதமே 'பின்தங்கியவன்' ஆகிவிடும். எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதில்லை என்பதும், காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன என்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்று, தட்டு ஏந்தி, கலந்து சாப்பிடுவதைத் தெரபி மையத்தில் 'சமூகத் திறன் பயிற்சி' என்று தனியாகக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சரி, குறை என்ன? ஆள் பற்றாக்குறைதான். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2021-ல் தலையிட்ட பிறகு வந்த அறிவிப்பு அது. காகிதத்தில் இருக்கும் அந்த விகிதத்துக்கும் களத்துக்கும் இடையே தூரம் அதிகம். சிறப்பாசிரியர் வராத நாட்களில் எல்லாமே வகுப்பாசிரியர் கையில்தான். அதனால் சேர்க்கும் முன் வட்டார வள மையத்துக்குப் போய், இந்தப் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் எந்தெந்தக் கிழமை வருகிறார், அவருடைய பயிற்சி எந்தக் குறைபாட்டுக்கானது என்று கேளுங்கள். செவித்திறன் குறைபாட்டில் பி.எட். படித்தவர் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வந்தால் அவரும் திணறுவார். அப்புறம் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். பிள்ளையைப் பார்த்தவுடன் "பேர் என்ன தங்கம்?" என்று பிள்ளையிடமே கேட்கிறாரா, உங்களிடம் கேட்கிறாரா என்று கவனியுங்கள். அதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

'இன்க்ளூசிவ்' என்று சொல்லும் தனியார் பள்ளி

இந்தச் சொல் இப்போது விளம்பரத் தாள்களில் தாராளமாக வருகிறது. உண்மையிலேயே நன்றாகச் செய்யும் பள்ளிகள் சில இருக்கின்றன. அவற்றில் முழுநேரச் சிறப்பாசிரியர் இருப்பார், தனிப் பயிற்சிக்கான வள அறை இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்பட்ட தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் காட்டறோம்" என்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பல பள்ளிகள் போடும் நிபந்தனை, பெற்றோர் சொந்தச் செலவில் 'ஷாடோ டீச்சர்', அதாவது வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கும் துணையாள், வைக்க வேண்டும் என்பது. சில பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் இது தேவைதான். ஆனால் பயிற்சி இல்லாத ஒருவர் வருடக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்தால், வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதையே விட்டுவிடுகிறார். மற்ற பிள்ளைகளும் நெருங்குவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தபடியே பிள்ளை தனியாகிவிடுகிறது. கட்டணம், வள அறைக் கட்டணம், ஷாடோவுக்குச் சம்பளம் என்று மூன்று முறை பணம் கட்டி வாங்கும் தனிமை அது. ஷாடோ எப்போது விலகுவார் என்ற திட்டம் பள்ளியிடம் இருந்தால் மட்டுமே இதற்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பள்ளி

இங்கே எல்லாக் குறைபாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. பக்கத்துப் பள்ளியில் ஆசிரியருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை அன்பானவர்கள் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மொழிகூடக் கிடைக்காமல் ஐந்தாறு வருடம் போய்விடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு, சைகை மொழி பேசும் ஆசிரியர்களும் தோழர்களும் உள்ள சிறப்புப் பள்ளியே நல்ல இடம். நான் ஆரம்பத்தில் கேட்கச் சொன்ன கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. மிகச் சிறு வயதிலேயே கண்டுபிடித்து, காதொலிக் கருவியோ, அறுவை சிகிச்சையில் உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்டோ பொருத்திய பிள்ளையின் கதை வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு தொடர்ச்சியாகப் பேச்சுப் பயிற்சி வேண்டும். சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் செய்துவருவது இதைத்தான். மிகச் சிறு பிள்ளைகளுக்குப் பேச்சு வழியில் பயிற்சி கொடுத்துப் பொதுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அதாவது சில சிறப்புப் பள்ளிகள் பாலம் போன்றவை. கடந்து போகத்தான் இருக்கின்றன.

பார்வைக் குறைபாட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பிரெய்ல், வெள்ளைக் கோல் நடை, கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் ஆகியவற்றைப் பூந்தமல்லியில் உள்ள பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி போன்ற இடத்தில் சில ஆண்டுகள் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிள்ளை, அதன் பிறகு எந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் சமாளிக்கும். அந்த அடிப்படை இல்லாமல் நேரே பொது வகுப்பில் உட்கார வைத்தால் காதால் கேட்டு மனப்பாடம் செய்வதோடு படிப்பு நின்றுவிடும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று வரும்போதுதான் முடிவெடுப்பது கடினம். சிறப்புப் பள்ளியில் வகுப்பு சிறியது. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான ஓ.டி. பயிற்சி, பிசியோ எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். தானாகச் சாப்பிடுவது, கழிப்பறை போவது, சட்டைப் பொத்தான் போடுவது போன்றவை அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. பொதுப் பள்ளியில் அவை 'தொந்தரவு' என்று கருதப்படும். தேர்வு செய்ய நல்ல இடங்களும் நம்மிடம் உண்டு. முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் 2005 முதல் இயங்குகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் 1985-ல் தொடங்கியது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக ஆரம்பித்து, இன்று பொதுப் பள்ளிகளுக்கு உதவுவதிலும் இறங்கியிருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே போய் ஆரம்பநிலைப் பயிற்சி தருகிறது. இவை நல்ல அளவுகோல்கள். உங்கள் ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போகும் முன் இவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால் கண் தெளியும்.

குறை என்று பார்த்தால், பேசாத பத்துப் பிள்ளைகள் நடுவில் உட்காரும் பிள்ளைக்குப் பேச்சைக் கேட்க வாய்ப்பே இல்லை. பேசப் பழக, பேசும் பிள்ளைகள் வேண்டும். அடுத்தது பயணம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் வேனில் போய் வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நடுவில் கிடைக்கும் எந்தப் பயிற்சியும் ஒட்டாது. அதோடு சிறப்புப் பள்ளிக்குள் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகியும் அதே மணி கோர்க்கும் வேலை, அதே வண்ணம் தீட்டும் வேலை என்று ஓடிக்கொண்டிருக்கும் இடங்களும் இருக்கின்றன. ஐந்து வருடமாக அங்கே இருக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோரிடம், போன வருடம் செய்ய முடியாத எதை இந்த வருடம் உங்கள் பிள்ளை செய்கிறது என்று கேளுங்கள். பதில் சட்டென்று வர வேண்டும்.

முழுநாள் தெரபி மையம்

இது பள்ளி அல்ல. ஒன்றிரண்டு மணி நேரப் பயிற்சிக்குப் போவது வேறு, பள்ளிக்குப் பதிலாகக் காலை முதல் மாலை வரை அங்கேயே விடுவது வேறு. இரண்டாவதை நான் ஆறு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை.

செலவையும் கணக்குப் போட வேண்டும். ஒரு அமர்வு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் நான்கு அமர்வு என்றால் மாதம் 9,600 ரூபாய். இதைக் கட்டுவதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் பல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருப்பதை அறியாமலே இருக்கின்றன. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம், 18 வயது வரை போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசு திறந்துவரும் 'விழுதுகள்' மையங்களும் இதற்குத்தான். காத்திருக்க வேண்டியிருக்கும், அமர்வுகள் குறைவாகக் கிடைக்கும், உண்மைதான். அதனால் நான் சொல்லும் வழி இது: அரசு மையத்தில் பதிந்துவிடுங்கள், தனியாரிடம் வாரம் ஒன்றிரண்டு அமர்வு போங்கள், அங்கே கற்றுக்கொடுப்பதை வீட்டில் செய்யுங்கள். பெற்றோரை உள்ளே விடாத தெரபிஸ்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்.

சிறப்பாசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ யாரானாலும், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவெண் கேளுங்கள். ஆர்.சி.ஐ. நம்பர் என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியும். மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "குணப்படுத்துகிறோம்" என்ற சொல் வரும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இருந்தும் நிலத்தை விற்று அதற்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுவழிக் கல்வி படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கும், அடிக்கடி வலிப்பு வந்து வெளியே கொண்டுபோக முடியாத பிள்ளைகளுக்கும் உள்ளது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். மற்றவர்களுக்கு இது வேண்டாம். பள்ளி மறுத்ததால் வீட்டில் இருக்கும் பிள்ளையை 'வீட்டுவழிக் கல்வி' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது நடக்கிறது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு நெருங்கும்போது

பொதுப் பள்ளியில் சமாளித்துவந்த பிள்ளைக்கும், குறிப்பாக எழுத்துகளைப் படிப்பதில் திணறும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், ஏழாம் எட்டாம் வகுப்பில் அடுத்த முடிவு வருகிறது.

மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் கணிதத்தையும் அறிவியலையும் தாண்டித்தான் ஆக வேண்டும். சி.பி.எஸ்.இ.-யில் கூடுதல் நேரம், எழுதுபவர் ஆகியவற்றோடு பாடத்தையே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு மொழி மட்டும் படித்து, கணிதம், அறிவியலுக்குப் பதிலாக ஓவியம், மனையியல் போன்றவற்றை எடுக்கலாம். பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் பிரச்சினை. தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூன்றிலும் நெகிழ்வானது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், கணிதம் கட்டாயம் இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து வருடங்களுக்குள் ஒன்பது வாய்ப்புகள் இருப்பதால் ஒரு பாடம், இரண்டு பாடம் என்று பிரித்து எழுதலாம். தமிழ் வழியிலும் எழுதலாம்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், கணிதத்தில் 35 எடுக்க வாய்ப்பிருக்கும் பிள்ளையை மாநிலப் பாடத்திட்டத்திலேயே சலுகைகளோடு எழுத வைப்பேன். அடுத்து பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., அரசு வேலை என்று போகும்போது கேள்விகள் குறையும். உயர்கல்வியில் 5 சதவீத இடங்களும் அரசு வேலையில் 4 சதவீத இடங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பதால் இந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பின்னால் பயன்படும். கணிதப் புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்று வலி வரும் பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ். நல்ல வழி. ஆனால் பள்ளி தன் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற ஒன்பதாம் வகுப்பில் "என்.ஐ.ஓ.எஸ். போயிடுங்க" என்று தள்ளினால் அதை ஏற்க வேண்டாம். பிள்ளையின் நலனுக்கா, பள்ளியின் நூறு சதவீதத்துக்கா என்று பிரித்துப் பாருங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள். பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடினால் சலுகைக்கான விண்ணப்பத் தேதி போய்விடும். எட்டாம் வகுப்பிலேயே கோப்பைத் தயார் செய்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அது இருந்தால்தான் மற்றவை நகரும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. "குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். சான்றிதழ் இல்லாமலே வகுப்பில் 'லூசு' என்ற முத்திரை விழுந்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் உள்ள பிள்ளைக்குக் குறைந்தது தேர்வில் ஒரு மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும்.

வகுப்பாசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறப்பாசிரியர் வரும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. முன் வரிசையில் ஜன்னல் சத்தம் இல்லாத இடம், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அன்றைய நாள் எப்படிப் போகும் என்று காட்டும் நாலைந்து படங்கள், எழுத முடியாத பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்பது, இவற்றுக்குத் தனிப் பட்டம் வேண்டாம். நாற்பது பேர் வகுப்பில் இதுவே கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவற்றைச் செய்யும் வகுப்பில் படிப்பில் தடுமாறும் மற்ற ஏழெட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து முன்னேறுவதைப் பார்க்கலாம்.

எடுத்த முடிவை ஒரு கல்வியாண்டுக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் சேர்க்கும்போது, பிள்ளை இன்று செய்யும் விஷயங்களைப் பேச்சு, சாப்பாடு, கழிப்பறை, எழுத்து, விளையாட்டு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரையாண்டு விடுமுறையில் அதைத் திறந்து பாருங்கள். நகர்வு தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் ஆசிரியரோடு உட்கார்ந்து மார்ச் வரை என்ன மாற்றலாம் என்று பேசுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த ஜூனில் இடம் மாற்றலாம். பள்ளியில் சேராத பிள்ளையையும் இடையில் விட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது; சிறப்புப் பள்ளியிலிருந்து பொதுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் அதையே கேளுங்கள். விடுபட்ட பாடங்களுக்குத் தனிப் பயிற்சியும் கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தோடு அதையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.